கேட்டுக்கொண்டே கிடந்தவர்

மாலை நாலு மணி தாண்டியிருந்தது. கொடைக்கானல் மலையில் பூண்டிக்கு மேலே, கடைசி வெள்ளைப்பூண்டுக் காடு முடிகிற இடத்தில் இருந்த ஓட்டு வீட்டில், அலெக்சாண்டர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார். முடியவில்லை. மேசை விரிப்பையும் சூப் கிண்ணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த லீமா முதலில் பக்கவாதம் என்றுதான் நினைத்தாள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் அவள். அலெக்சாண்டர் அவளுடைய பெரியப்பா மகன். போனில் பேச முடியாத ஒரு விஷயம் இருக்கிறது, நேரில் வா என்று அவர் கூப்பிட்டிருந்தார். கொட்டும் மழையில் காரை ஓட்டிக்கொண்டு அவள் வந்து சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சூப் குடித்துவிட்டுப் பேசலாம் என்று சொன்னவர் இப்போது தரையில் கிடந்தார்.

பக்கவாதம் ஒரு பக்கத்தைத்தான் இழுக்கும். இவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே மாதிரி துவண்டிருந்தன. "ஒதடு... மரத்து..." என்று குழறினார். அதற்குமேல் நாக்கு எழவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தது. நாடி மட்டும் ஓடியது.

லீமாவின் பார்வை பின்கட்டுக்குப் போனது. அங்கேதான் ஆய்வுக்கூடம். கடலில் கிடைக்கும் பேத்தை மீனின் நஞ்சை மிகமிகச் சிறிய அளவில் எடுத்து, அடிமையாக்காத வலி மருந்தாக மாற்ற முடியுமா என்று அலெக்சாண்டரும் அவருடைய கூட்டாளி ஜெபக்குமாரும் எட்டு வருஷமாக அங்கே முயன்றுகொண்டிருந்தார்கள்.

"பிரியா, அந்தச் சிவப்புப் பெட்டிய எடு. வெரசா."

சண்முகப்பிரியா அங்கே வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர், பழனிக்காரப் பெண். ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பெட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். உள்ளே கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பை இருந்தது. அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது என்பதால் எப்போதும் தயாராக வைத்திருந்தார்கள். லீமா தரையில் மண்டியிட்டு, முகமூடியை அலெக்சாண்டரின் முகத்தில் பொருத்தி, பையை அமுக்கினாள். நெஞ்சு உயர்ந்தது. விட்டாள். தாழ்ந்தது. மறுபடி அமுக்கினாள்.

அந்த நிமிஷத்திலிருந்து அவளால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

செல்போன் கோபுரம் காலையிலேயே செத்துப்போயிருந்தது. சமையல்காரி பொன்னுத்தாய் வெளியே ஓடி, கீழே பூண்டுக் காட்டில் நின்றவர்களிடம் கத்திச் சொன்னாள். மன்னவனூர் ரோட்டுல இப்பத்தான் மலை சரிஞ்சு கெடக்கு, வண்டி போகாது என்று பதில் வந்தது. இரண்டு பேர் மலைமேல் நடந்தே போய்ப் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் சொல்லக் கிளம்பினார்கள்.

பொன்னுத்தாய் அழுதாள். பக்கத்தில் உட்கார வைத்து, பையை அமுக்குவது எப்படி என்று லீமா அவளுக்குக் காட்டிக் கொடுத்தாள். காட்டும்போதே எளிமையாகச் சொன்னாள்: நரம்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் கதவுகள் இருக்கின்றன. சோடியம் என்கிற உப்பு அந்தக் கதவு வழியாக உள்ளே பாய்ந்தால்தான் நரம்பில் சேதி ஓடும். இந்த நஞ்சு ஒவ்வொரு கதவின் வாயிலும் தக்கை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சூடு, வலி, தொடுவது எதுவும் உள்ளே போகாது. அசை என்று மூளை இடும் கட்டளை வெளியே வராது. ஆனால் நஞ்சு மூளைக்குள் நுழையாது.

"அப்ப ஐயாவுக்கு நெனவு இருக்கா டாக்டரம்மா?"

"முழுசா இருக்கு. நாம பேசுறது காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். கண்ணத் தொறக்க முடியாது, அவ்வளவுதான். அழுவாதீங்க. ஒரு நாள் தாக்காட்டிட்டா தக்கை தானா கழண்டுரும்."

பிறகு குனிந்து அண்ணனின் காதருகே சொன்னாள். "அண்ணே, நான் இருக்கேன். விடமாட்டேன்."

சற்று நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. ஜெபக்குமார் நனைந்துபோய் உள்ளே வந்தார். லீமா வரும் வழியில் எதிரே வந்து கையசைத்துவிட்டுப் போன அதே ஜீப். டீசல் வாங்கக் கொடைக்கானல் கிளம்பியதாகவும், சரிவைப் பார்த்துத் திரும்பியதாகவும் சொன்னார். கிடப்பவரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். நஞ்சுக் குப்பி ஒன்று குறைந்தது. பெட்டியின் பூட்டு எண் அலெக்சாண்டர், ஜெபக்குமார், பிரியா மூன்று பேருக்கும்தான் தெரியும்.

நின்றபடியே பொன்னுத்தாயிடம் கேள்வி கேட்டார்.

"சூப்பு யாரு வச்சா?"

"நான்தாங்க. பூண்டு சூப்பு. எல்லாத்துக்கும் ஒரே சட்டி."

"யாரு மேசைக்குக் கொண்டுபோனா?"

பொன்னுத்தாய் பிரியாவைப் பார்த்தாள். "பாப்பாதான். கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. துண்டச் சுத்தித்தான் கிண்ணத்தத் தூக்குச்சு."

"குடிக்கும்போது சார் ஏதாச்சும் சொன்னாரா?"

"உப்பு இல்லன்னாரு. ரெண்டு தடவ உப்பு கேட்டாரு. நான் அளவாத்தான் போட்டேன்."

"நஞ்சு கலந்தா ருசி மாறத்தான் செய்யும்" என்றார் ஜெபக்குமார்.

காலையில் பிரியாவுக்கும் அலெக்சாண்டருக்கும் நடந்த சண்டை வீட்டுக்கே கேட்டிருந்தது. அவளுடைய ஆறு மாத வேலையை அவர் தூக்கி எறியச் சொல்லியிருந்தார். ஜெபக்குமார் அதை நினைவுபடுத்தினார். பிரியா மறுக்க மறுக்க, அவள் கையைப் பிடித்து ஹாலை ஒட்டிய சாமான் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டார். போலீஸ் வரும்வரை உள்ளேயே இருக்கட்டும் என்றார். லீமாவுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் வாதாடக் கை ஒழியவில்லை. சூப் குடித்த பத்தே நிமிஷத்தில் அண்ணன் விழுந்ததை அவளே பார்த்தவள். அமுக்கினாள், விட்டாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிரியா விசும்புவது கேட்டது.

அஞ்சு மணி. விரல்கள் விறைத்துவிட்டன. பொன்னுத்தாய் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பையைப் பிடித்து ஒரு முறை மாற்றிவிட்டாள். அடுத்த முறை ஜெபக்குமார் தானே வந்து வாங்கிக்கொண்டார். முகம் கழுவிவிட்டு லீமா திரும்பியபோது, அண்ணனின் நகங்கள் நீலம் பூத்திருந்தன. நெஞ்சு சரியாக உயரவில்லை. கை ஓய்ந்துவிட்டது என்றார் ஜெபக்குமார். லீமா பையைப் பிடுங்காத குறையாக வாங்கி அமுக்க, நகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

ஜெபக்குமார் டார்ச்சை எடுத்து அலெக்சாண்டரின் இமைகளை விலக்கிப் பார்த்தார்.

"கண்மணி விரிஞ்சு நிக்குது டாக்டர். வெளிச்சத்துக்கு அசையவே இல்ல. மூளை போயிருச்சு."

"நாடி இருக்கு."

"நாடி கொஞ்ச நேரம் இருக்கத்தான் செய்யும். மனுசனச் சித்ரவதை பண்ணாதீங்க. விட்டுருங்க."

அவர் குரல் தழுதழுத்தது. ஒரு பிணத்துக்குத்தான் காற்றடிக்கிறோமோ என்று லீமாவுக்கு ஒரு கணம் தோன்றியது. விடாமல் அமுக்கினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

வாயில் எச்சில் தேங்கி மூச்சு களகளத்தது. பொன்னுத்தாயிடம் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, லீமா முகமூடியை விலக்கி ஈரத்துணியால் வாயைத் துடைத்தாள். துடைத்த கை நின்றது.

நாக்கு, அண்ணம், உள் உதடு, எல்லா இடத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம்.

முகமூடியைத் திரும்பப் பொருத்திக்கொண்டே யோசித்தாள். இந்த நஞ்சு வாயைப் பொசுக்காது. பொசுக்கியது சூப். அவளுக்கும்தான் நாக்கு நுனி எரிந்துகொண்டிருந்தது. முதல் கரண்டியிலேயே சுட்டுவிட, கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். அண்ணன் ஊதக்கூட இல்லை. பேசிக்கொண்டே கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார். உப்பு இல்லை என்றார்.

பல்லுக்கு மரப்பு ஊசி போட்டவர்களிடம் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், மரப்பு இறங்கும்வரை சூடாக எதுவும் குடிக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது என்று.

அப்படியானால் சூப் வாய்க்குப் போகும் முன்பே வாய் மரத்துவிட்டது.

லீமா பலகைச் சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்தாள். மழை ஓட்டில் அடித்ததால் வராந்தாவுக்குக் கேட்காது.

"பிரியா, மெதுவாப் பேசு. மத்தியானச் சாப்பாட்டுக்கும் சூப்புக்கும் நடுவுல அண்ணன் என்ன சாப்பிட்டாரு?"

விசும்பல் நின்றது. "ஒண்ணும் இல்ல மேடம். நான் மூணு மணி வரைக்கும் லேபுல இருந்தேன்."

"அப்புறம்?"

"ஹாலுக்கு வந்தேன். ரெண்டு சாரும் மரத்தக்காளிப் பழம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. ஜெபக்குமார் சார்தான் தோட்டத்துலருந்து பறிச்சுட்டு வந்து, ஆளுக்கு ஒண்ணு அறுத்துச் சீனி போட்டுக் கொடுத்தாரு. எனக்கும் கேட்டேன். ரெண்டுதான் பழுத்திருந்துச்சுன்னாரு. ஒடனே ஜீப்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

லீமாவின் கை நிற்கவில்லை. மூன்று மணிக்குப் பழம். மூன்றரைக்கு வாய் மரப்பு. அதன்பின் தினமும் வழக்கமாக வரும் சூப். சூப்பைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பழம் கொடுத்தவர் அந்த நேரம் கொடைக்கானல் கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க நின்றிருப்பார். மலை சரிந்து வழியை அடைக்காவிட்டால்.

இப்போது அவர் இந்த வீட்டுக்குள் இருக்கிறார். அவளும் இருக்கிறாள். அவள் கையை எடுத்தால் அண்ணன் இல்லை. அவளுக்கு ஏதாவது ஆனாலும் அண்ணன் இல்லை.

பிரியா அடைபட்டிருப்பதே இப்போதைக்கு நல்லது என்று முடிவு செய்தாள். வெளியே விட்டால் ஜெபக்குமார் சுதாரித்துக்கொள்வார். உள்ளிருந்தே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்படி பிரியாவிடம் சொன்னாள். பிறகு பொன்னுத்தாயைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அந்தப் பழத் தோலெல்லாம் எங்க?"

"குப்பை வாளியிலதான் கெடக்கும். சாயங்காலம் குழியில கொட்டுவேன். இன்னைக்கு எங்க நேரம்?"

"சத்தமில்லாம அந்தத் தோல மட்டும் பாலிதீன் பையில கட்டி எடுத்துட்டு வாங்க. வெறுங்கையால தொடாதீங்க. வாளிய அங்கேயே வச்சுருங்க."

குடைந்து தின்ற நாலு அரைத்தோல்களும் வந்தன. காலியாகக் கிடந்த சிவப்புப் பெட்டிக்குள் அவற்றை வைத்து மூடச் சொன்னாள். ஜெபக்குமார் உள்ளே வந்தபோது, பொன்னுத்தாயிடம் பேசுவதுபோல் சற்று உரக்கச் சொன்னாள். போலீஸ் வந்தால் அண்ணன் இன்றைக்கு வாயில் வைத்த எல்லாவற்றையும் சோதனைக்கு எடுப்பார்கள், சட்டி, கிண்ணம், குப்பை உட்பட. எதையும் கழுவ வேண்டாம்.

ஜெபக்குமார் சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழித்து அடுப்படிப் பக்கம் போனார். பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டை புதிதாக நனைந்திருந்தது.

பொன்னுத்தாய் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து லீமாவின் காதில் சொன்னாள். "வாளி கழுவிக் கவுத்திக் கெடக்கு. எட்டு வருசத்துல அவுரு ஒரு நாளும் அந்த வாளியத் தொட்டதில்ல."

அதன்பிறகு நேரம் நகர மறுத்தது. ஜெபக்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். பையை மாற்றிவிடட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றாள். மூன்றாம் முறை எழுந்து வந்தபோது, பொன்னுத்தாய் பூண்டு இடிக்கும் உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இருட்டத் தொடங்கும்போது வாசலில் டார்ச் வெளிச்சம் ஆடியது. சரிவின்மேல் ஏறி நடந்தே வந்திருந்தார் சப்-இன்ஸ்பெக்டர் பழனிமுத்து. இடுப்புவரை சேறு. கூடவே இரண்டு தீயணைப்பு வீரர்களும் ஓர் ஆக்சிஜன் உருளையும். ஜெபக்குமார் முந்திக்கொண்டு சூப்பையும், பிரியாவையும், குப்பியையும் பற்றிச் சொல்லி முடித்தார். பழனிமுத்து கேட்டுவிட்டு லீமாவிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க டாக்டர்."

தீயணைப்பு வீரர் ஒருவர் பையை வாங்கிக்கொண்டார். லீமாவின் விரல்கள் விரியவில்லை. மடங்கியபடியே மடியில் கிடந்தன.

"நஞ்ச வச்சது இவுருதாங்க, ஜெபக்குமார்" என்றாள்.

எப்படி என்று சொன்னாள். வாய்க் கொப்புளங்களை டார்ச் அடித்துக் காட்டினாள். அதே சட்டிச் சூப்பில் தன் நாக்கு முதல் கரண்டியிலேயே பின்வாங்கியதைச் சொன்னாள். சூடும் உப்பும் தெரியாத வாய், சூப் வருவதற்கு முன்பே நஞ்சேறிய வாய். ருசி மாறியது சூப்பில் அல்ல, நாக்கில். அதற்கு முன் அவர் தின்றது ஒரே ஒரு பழம்.

"பழத்துல இருந்துச்சுன்னு யாரு பார்த்தா?" என்றார் ஜெபக்குமார். "தோலு எங்க?"

"நீங்க வெளிய கொட்டுன வாளியில இருந்தது வெறும் கேரட் சீவல்தான் சார். தோலு அந்தச் சிவப்புப் பெட்டியில இருக்கு."

ஜெபக்குமார் பெட்டியைப் பார்த்தார். பழனிமுத்து அவரைப் பார்த்தார்.

"ஆனா எனக்கு மொதல்ல பொறி தட்டியிருக்க வேண்டியது இது இல்லைங்க" என்று லீமா தொடர்ந்தாள். "இவுரு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, கண்மணி அசையல, மூளை போயிருச்சு, விட்டுருங்கன்னாரு. வேற யாரு சொல்லியிருந்தாலும் தெரியாமச் சொன்னதுன்னு விட்டுருவேன். இந்த நஞ்சு கண்மணிய விரிச்சு நிறுத்தும், மூளையத் தொடாதுன்னு இவுருக்குத் தெரியாதா? எட்டு வருசமா இதையேதானே பார்த்துக்கிட்டு இருக்காரு. உயிரோட இருக்குற ஆளுன்னு தெரிஞ்சேதான் விடச் சொன்னாரு. அதையும் அண்ணன் காதுபடச் சொன்னாரு."

ஏன் செய்தார் என்று பழனிமுத்து கேட்டார். தனக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியும் என்றாள். ஜெபக்குமார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஓடவும் ரோடு இல்லை.

பொன்னுத்தாய் போய்ச் சாமான் அறையின் வெளித்தாழ்ப்பாளை நீக்கிப் பிரியாவைக் கூப்பிட்டாள். பிரியா வந்ததும் நேராக மண்டியிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். அன்றிரவு அவர்கள் மாறி மாறி அமுக்கினார்கள். விடிந்து பனி விலகும்போது அலெக்சாண்டரின் வலது சுண்டுவிரல் அசைந்தது. மத்தியானம் கட்டிலோடு தூக்கிச் சரிவைக் கடந்து, திண்டுக்கல் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் பேசினார். பழத்தோலில் நஞ்சு இருந்ததைச் சோதனைக்கூடம் உறுதி செய்தது.

அவர் லீமாவைக் கூப்பிட்ட விஷயம் இதுதான். பாச்சலூரில் குழந்தைவேல் என்று ஒருவர். மரம் விழுந்து கால் நசுங்கி, ராவும் பகலும் வலியில் கிடந்தவர். ஜெபக்குமார் அலெக்சாண்டருக்குத் தெரியாமல், அனுமதியும் இல்லாமல், அந்த மருந்தை அவருக்கு ஊசியாகப் போட்டிருக்கிறார். அளவு மிஞ்சிவிட்டது. அன்று சாயங்காலமே மனிதர் இறந்துபோனார். மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி இருளாயி, கடைசி நாளாவது வலியில்லாமல் தூங்கினாரே என்று நன்றி சொல்ல, பஸ் மாறி மாறிப் பூண்டிக்கு வந்தபோதுதான் அலெக்சாண்டருக்கு விஷயம் தெரிந்தது. போலீசுக்குப் போகப்போவதாக ஜெபக்குமாரிடம் சொன்னார். அந்த மருந்தை ஒட்டிய எல்லா வேலையையும் நிறுத்தச் சொன்னார். பிரியாவோடு நடந்த சண்டையும் அதனால்தான்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவர் பாச்சலூர் போக வேண்டும் என்றார். லீமா கூட்டிப்போனாள்.

இருளாயி அவர்களை வாசலில் பாய் விரித்து உட்கார வைத்தாள். அலெக்சாண்டர் எதையும் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னார், தனக்கு நடந்ததையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் பேசுனது அவுருக்குக் கேட்டுருக்குமாங்க?"

அலெக்சாண்டர்தான் பதில் சொன்னார். "கேட்டுருக்கும்மா. மூச்சு இருந்த வரைக்கும்."

"கஞ்சி குடிக்க எந்திரிக்கலன்னு வஞ்சேன்" என்றாள் இருளாயி. "தூங்குற மாதிரி நடிக்காதன்னு வஞ்சேன்." பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "பெறகு பாவமா இருந்துச்சு. தலையத் தடவிக் குடுத்தேன். ரொம்ப நேரம் தடவுனேன். அது தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது. தொடுகிற சேதியைச் சுமக்கும் நரம்பின் கதவுகளும் அன்றைக்கு அடைத்துத்தான் கிடந்தன. அது லீமாவுக்குத் தெரியும். பொய் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அலெக்சாண்டர் பேசினார்.

"தொட்டது தெரிஞ்சிருக்காதும்மா. இவ என் கையப் பிடிச்சதே எனக்குத் தெரியல. ஆனா தலையத் தடவுறப்ப உங்க வளையல் அவரு காதுகிட்டத்தான இருந்திருக்கும். அந்தச் சத்தம் கேட்டுருக்கும். எனக்கு இவ வாச்சு ஓடுற சத்தம்கூடக் கேட்டுச்சு."

இருளாயி வெறுமையாக இருந்த தன் மணிக்கட்டைப் பார்த்தாள். இன்னொரு கையால் அதை மெல்லச் சுற்றிப் பிடித்தாள்.

"கேட்டுருக்கும்" என்றாள்.